எந்த முத்தையா?

செட்டிநாட்டு நூலகர்களுக்கும், சபை, சங்க, கல்லூரி நூலகங்களின் பொறுப்பாளர்களுக்கும், வீட்டில் பழைய நூல்களைக் காத்துவரும் குடும்பத்தாருக்கும் ஒரு திறந்த மடல்





நூலகப் பட்டியலைப் புதிய விதிகளுக்கு மாற்றுவதா, இருக்கிறபடியே விட்டுவிடுவதா என்ற பேச்சு நம் பக்கத்திலும் கேட்கத் தொடங்கியிருக்கிறது. ஆர்டிஏ விதிகள் என்கிறார்கள், மார்க் பதிவு வடிவம் என்கிறார்கள், கோஹா மென்பொருளைப் போட்டுவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார்கள். மறுபுறம், அட்டைப் பெட்டியும் வரவுப் பதிவேடும் இத்தனை காலம் கைகொடுக்கவில்லையா, நாளுக்குப் பத்துப் பேர் வரும் நூலகத்துக்கு எதற்கு வாஷிங்டன் விதி என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். உங்கள் அலமாரிகளில் தேடிப் பழகிய வாசகன் என்ற ஒரே உரிமையில் இதை எழுதுகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புதிய விதிகளுக்கு மாறலாம், மாறவும் வேண்டும். ஆனால் அந்த வேலையை ஆசிரியர் பெயர்களிலிருந்து தொடங்குங்கள். நம் வட்டாரத்து எழுத்தாளர், பதிப்பாளர், புரவலர், குடும்பம், சங்கம் ஆகியவற்றின் பெயர்களுக்குத் தமிழ் எழுத்தில் ஒரு பொதுப் பட்டியல் செய்துகொள்ளாதவரை, எந்த விதிக்கு மாறினாலும் அட்டையில் இருந்த குழப்பம் திரைக்கு இடம் மாறும், அவ்வளவுதான்.

ஏன் பெயர்? ஒரு கணினிப் பட்டியலில் “முத்தையா” என்று தட்டிப் பாருங்கள். கோட்டையூர் ரோஜா முத்தையா வரலாம். பள்ளத்தூரில் பிறந்து, சென்னையின் வரலாற்றை ஆங்கிலத்தில் எழுதிய எஸ். முத்தையா வரலாம். தேவகோட்டையில் பிறந்து, பாரதிதாசன் நூல்களைப் பதிப்பித்த முல்லை முத்தையா வரலாம். ராஜா சர் முத்தையா செட்டியாரைப் பற்றிய மலர்கள் வரலாம். 1927-இல் சிறுகூடல்பட்டியில் பிறந்த முத்தையா மட்டும் வரமாட்டார். அவர் கண்ணதாசன் என்ற பெயரில் வேறோர் இடத்தில் இருப்பார், அவரை இங்கே இழுத்துவர ஒரு குறிப்பும் இருக்காது. ஐந்து பேரும் செட்டிநாட்டு வேர் கொண்டவர்கள், ஐவருக்கும் பெயர் ஒன்று. இவர்களைப் பிரித்துக் காட்டவும், பிரிந்து கிடப்பவரைச் சேர்த்துக் காட்டவும் முடியாத பட்டியல் எந்த விதிப்படி எழுதப்பட்டிருந்தால் என்ன?

இது தற்செயலாக நேர்ந்த சிக்கல் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். ஐயா பெயரைப் பேரனுக்கு இடுவது நகரத்தார் வழக்கம். பழனியப்பன் மகன் முத்தையா, முத்தையா மகன் பழனியப்பன் என்று ஒரு தலைமுறை விட்டு அதே பெயர் திரும்பி வரும். ஆளை அடையாளம் காட்டும் பொறுப்பு முன்னெழுத்துகள் மேல் விழுகிறது. பழ., ராம., மெய்., அரு. என்று வெறும் ஓரெழுத்தாக இல்லாமல் பாதிப் பெயராகவே முன்னெழுத்து எழுதும் வழக்கமும் அதனால் நமக்குப் பழகிப்போனது. வ.சுப. மாணிக்கத்தை “வி. மாணிக்கம்” என்று பதிந்தால் அவர் வேறு ஆள் ஆகிவிடுகிறார். ராய. சொக்கலிங்கம் என்ற பெயரில் ஒரு பதிவும் ராய.சொ. என்ற பெயரில் இன்னொரு பதிவும் இருந்தால், ஒருவர் இருவராகிறார்.

கோட்டையூர்க்காரரான ஏ.கே. செட்டியாரை எடுத்துக்கொள்ளுங்கள். காந்தியைப் பற்றிய ஆவணப்படத்தை 1940-இல் வெளியிட்டவர், குமரி மலரை நடத்தியவர், பயண நூல்கள் எழுதியவர். முழுப்பெயர் அ. ராம. அ. கருப்பன் செட்டியார். இவரை எந்த எழுத்தில் வைப்பது? கடைசிச் சொல்லைக் குடும்பப் பெயராகக் கொள்ளும் மேலைநாட்டுப் பழக்கப்படி போனால் “செட்டியார்” என்ற தலைப்பின் கீழ்ப் போய்விடுவார். சென்னையில் அது எப்படியோ, காரைக்குடி நூலகத்தில் பாதி அலமாரி அந்தத் தலைப்பின் கீழ்தான் நிற்கும். “கருப்பன்” என்று வைத்தால் தேடுகிறவர் கைக்குக் கிடைக்கமாட்டார், அந்தப் பெயரில் அவரை யாரும் தேடுவதில்லை. நெற்குப்பை சோமலெ, லட்சுமணன் என்ற பெயரையும் முன்னெழுத்தையும் சேர்த்துச் செய்துகொண்ட பெயரில் எழுதினார். அதே ஊர்த் தமிழண்ணலுக்கு இராம. பெரியகருப்பன் என்ற பெயரிலும் நூல்கள் உண்டு. இவர்கள் எல்லாரும் நம் மாணவர்கள் அன்றாடம் தேடும் ஆசிரியர்கள்.

விதிகள் இதை அறியாமல் இல்லை. ஆங்கிலோ-அமெரிக்கப் பட்டியலாக்க விதிகளின் 1978-ஆம் ஆண்டு இரண்டாம் பதிப்பு, அதாவது ஏஏசிஆர்2, தமிழ், தெலுங்கு, கன்னட, மலையாளப் பெயர்களுக்குத் தனி விதி வைத்திருந்தது. குடும்பப் பெயர் இல்லாவிட்டால் இடுபெயரின் கீழ்ப் பதிய வேண்டும், முன்னால் நிற்பது ஊர்ப் பெயராகவோ தந்தை பெயராகவோ இருக்கும், பின்னால் சாதிப் பெயர் வரலாம் என்று அதில் தெளிவாக இருக்கிறது. விதி சரியாகவே இருந்தது. தரவு உள்ளிடுகிறவர் முன்னால் திறக்கும் படிவத்தில் “குடும்பப் பெயர்” என்று ஒரு கட்டம் இருக்கிறது, அதை நிரப்பாமல் அடுத்த கட்டத்துக்குப் போக மனம் வருவதில்லை. பழைய விதி இருந்தும் நடந்த தவறு, புதிய விதி வந்தால் மட்டும் எப்படி நிற்கும்?

நம் சீர்காழிக்காரர் எஸ்.ஆர். ரங்கநாதன் இதற்கு 1934-இலேயே வழி தேடத் தொடங்கிவிட்டார். அந்த ஆண்டு வெளிவந்த அவருடைய பட்டியலாக்க விதிநூலும் அதன் பிந்தைய பதிப்புகளும் சில அடிப்படைகளை நிறுவின. ஒரு தலைப்பு ஒரே ஒருவரைக் குறிக்க வேண்டும். வாசகர் எந்தப் பெயரில் தேடி வருவாரோ அந்தப் பெயரில் நூல் கிடைக்க வேண்டும். பல சொற்கள் கொண்ட பெயரில் எந்தச் சொல் நினைவில் முதலில் வருமோ அது முன்னே நிற்க வேண்டும். இந்த மூன்றையும் வைத்துப் பார்த்தால் ஏ.கே. செட்டியாருக்கும் ராய.சொ.வுக்கும் விடை கிடைத்துவிடுகிறது. அறியப்பட்ட வடிவத்தை அப்படியே தலைப்பாக வை, மற்ற வடிவங்கள் எல்லாவற்றிலிருந்தும் அதற்கு வழிகாட்டு.

இனி, புதிய விதிகள் பக்கம் வருகிறேன். ஆர்டிஏ 2010 ஜூனில் வெளிவந்தது. வருவதற்கு முன்பே சண்டை தொடங்கிவிட்டது. ஏஏசிஆர்2-இன் பதிப்பாசிரியர்களில் ஒருவரான மைக்கேல் கார்மன் 2007-இல் இதைக் கடுமையாகச் சாடினார். 2008 ஜனவரியில் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் அமைத்த குழுவே, பயன் நிரூபணமாகும்வரை ஆர்டிஏ பணியை நிறுத்திவைக்கும்படி பரிந்துரைத்தது. பிறகு மூன்று அமெரிக்கத் தேசிய நூலகங்கள் சேர்ந்து சோதனை நடத்தின. விதிகளைப் புரியும் நடையில் திருத்தி எழுத வேண்டும் என்பது உள்ளிட்ட நிபந்தனைகளோடு 2011-இல் ஏற்றுக்கொண்டு, 2013 மார்ச் 31 முதல் காங்கிரஸ் நூலகம் முழுமையாக மாறியது. அங்கேயே இவ்வளவு தயக்கம் இருந்ததென்றால், இங்கே தயங்குகிறவரைப் பழமைவாதி என்று ஒதுக்குவதில் நியாயமில்லை.

ஆயினும் ஆர்டிஏயில் நமக்கு நேராகப் பயன்படும் விஷயங்கள் இருக்கின்றன. பழைய விதிகளில் இல்லாத பயன்கள் அவை, செட்டிநாட்டுச் சேகரிப்புகளுக்கென்றே செய்ததுபோல் பொருந்துகின்றன.

முதலாவது, ஆக்கத்தையும் பதிப்பையும் பிரித்துப் பார்க்கும் முறை. காரைக்குடி, சா. கணேசன் 1939-இல் கம்பன் கழகம் தொடங்கிய ஊர். இங்கே ஒருவர் கம்பராமாயணம் கேட்டு வந்தால் என்ன கிடைக்கிறது? வை.மு. கோபாலகிருஷ்ணமாசாரியார் உரை ஓரிடத்தில், மர்ரே ராஜம் பதிப்பு ஓரிடத்தில், அண்ணாமலைப் பல்கலைக்கழகப் பதிப்பு ஓரிடத்தில், சென்னைக் கம்பன் கழகப் பதிப்பு ஓரிடத்தில். இராமாவதாரம் என்ற தலைப்பில் பதிவானது இன்னும் தள்ளி எங்கோ. கம்பன் பாடிய ஒரே ஆக்கம், அதற்குப் பல பாடங்கள், பல உரைகள், ஒவ்வொன்றுக்கும் பல அச்சுகள், ஒவ்வோர் அச்சிலும் நம் அலமாரியில் இருக்கும் படி என்று நான்கு நிலையாக அடுக்கிக் காட்டச் சொல்கிறது புதிய முறை. மூலமும் உரையும் உரைக்கு உரையுமாக வளர்ந்த ஓர் இலக்கியத்துக்கு இதைவிடப் பொருத்தமான அடுக்கு கிடைப்பது அரிது. இளம்பூரணர் முதல் தெய்வச்சிலையார்வரை தொல்காப்பியத்துக்கு உரை கண்டவர்களை ஒரே திரையில் வரிசையாகப் பார்க்கும் மாணவருக்கு அதன் அருமை தெரியும்.

இரண்டாவது, மலர்கள். குடமுழுக்கு மலர், மணிவிழா மலர், சங்கத்தின் வெள்ளிவிழா மலர், பள்ளி நூற்றாண்டு மலர் என்று நம் ஊர்களில் மலர் போடாத விழா குறைவு. ஓர் ஊரணி எப்போது வெட்டப்பட்டது, எந்தக் கோயில் திருப்பணியை யார் ஏற்றார்கள், எந்தக் குடும்பம் எந்த ஆண்டு பர்மாவிலிருந்து திரும்பியது என்பதெல்லாம் அச்சில் கிடைக்கும் ஒரே இடம் பல வேளைகளில் இந்த மலர்கள்தான். மூன்று பேருக்கு மேல் எழுதியிருந்தால் முதல் பெயரை மட்டும் குறித்து “மற்றும் பிறர்” என்று முடித்துவிடச் சொன்னது பழைய விதி. முப்பது பேர் எழுதிய மலரில் இருபத்தொன்பது பேர் அந்தப் “பிறர்” என்ற சொல்லுக்குள் புதைந்தார்கள். புதிய விதி அத்தனை பெயரையும் பதிய இடம் தருகிறது. அட்டையில் இடம் இல்லை என்பதற்காகப் பிறந்த விதியைக் கணினியிலும் பிடித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

மூன்றாவது, ஒரு நூலோடு ஒருவருக்குள்ள உறவைச் சொல்லும் வசதி. பழைய தமிழ் நூலின் முகப்பேடு உங்களுக்குப் பழக்கமானது. இயற்றியவர் ஒருவர், ஏட்டுப் பிரதிகளைப் பரிசோதித்தவர் ஒருவர், கேட்டுக்கொண்டவர் ஒருவர், பொருளுதவி செய்தவர் ஒருவர், அச்சுக்கூடத்தின் உரிமையாளர் ஒருவர். நகரத்தார் பொருளுதவியால் அச்சேறிய சமய நூல்களும் இலக்கியங்களும் ஏராளம். ஆனால் புரவலர் பெயரில் தேடி அவற்றை எடுக்க முடியாது, அந்தப் பெயரைப் பதியும் வழக்கமே இல்லை. ஒவ்வொருவரையும் அவர் செய்த பணியோடு இணைத்துப் பதியச் சொல்கிறது ஆர்டிஏ. இந்த ஒன்றைச் செய்தாலே செட்டிநாட்டின் பதிப்பு வரலாற்றை எழுத வருபவருக்குப் பாதி வேலை முடிந்துவிடும்.

நான்காவது, குடும்பம். பழைய விதிகள் தனியாளையும் நிறுவனத்தையும் மட்டுமே ஆக்கியோராக ஏற்றன. புதிய விதிகள் குடும்பத்தையும் ஏற்கின்றன. பெரிய வீடுகளின் இரும்புப் பெட்டிகளிலும் பரண்களிலும் இருக்கும் பேரேடுகள், ஐந்தொகைக் கணக்குகள், மொய்ப்பண ஏடுகள், இசைகுடிமானங்கள், இரங்கூனிலிருந்தும் பினாங்கிலிருந்தும் வந்த கடிதங்கள் இவற்றுக்கெல்லாம் ஆசிரியர் யார்? வளவுக்கு உரிய குடும்பம்தான். அந்தப் பெயரில் அவற்றைத் தொகுத்துப் பதிய இப்போது முறையான இடம் இருக்கிறது. வீடு பாகம் பிரியும்போதும் விற்கப்படும்போதும் கதவும் தூணும் போகிற வழியில் காகிதமும் எடைக்குப் போய்விடுவதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். பட்டியலில் ஏறிய காகிதத்தை எடைக்குப் போடக் கை கொஞ்சம் கூசும்.

இன்னொரு சிறு நன்மை, ஆண்டுக்கணக்கு. பழைய நூலில் “பிரபவ வருஷம்” என்று மட்டும் இருக்கும். அறுபது ஆண்டுச் சுழற்சியில் அது 1867-68 ஆகவும் இருக்கலாம், 1927-28 ஆகவும் இருக்கலாம். சித்திரையில் பிறக்கும் ஆண்டு என்பதால் இரண்டு ஆங்கில ஆண்டுகளில் கால் வைத்து நிற்கும். அச்சில் உள்ளதை உள்ளபடியே எழுதிக்கொள், நீ ஊகித்த ஆண்டை அடைப்புக்குறிக்குள் தனியே கொடு என்பது புதிய முறையின் போக்கு. ஊகத்தையும் அச்சில் உள்ளதையும் கலக்காமல் வைத்தால், பின்னால் வருகிறவர் அச்சகப் பெயரையோ விலையையோ வைத்து நம் ஊகத்தைத் திருத்த முடியும். வெளியிட்ட ஊர் தெரியாவிட்டால் லத்தீன் சுருக்கம் போட வேண்டியதும் இல்லை. ஊர் தெரியவில்லை என்று தமிழிலேயே எழுதிவிடலாம்.

எதிர்ப்பவர்கள் சொல்வதிலும் மூன்று விஷயம் சரி என்று படுகிறது.

பணம் முதல் விஷயம். ஆர்டிஏ விதித்தொகுப்பு இணையத்தில் ஆண்டுச் சந்தாவுக்குக் கிடைக்கிறது. சங்கத்து நூலகமோ சபை நூலகமோ வெளிநாட்டுப் பணத்தில் சந்தா கட்டிப் படிக்கும் நிலையில் இல்லை, கட்டவும் வேண்டாம். நமக்குத் தேவைப்படும் விதிகள் சில பக்கங்களுக்குள் அடங்கிவிடும். அவற்றை நம் எடுத்துக்காட்டுகளோடு தமிழில் ஒரு கையேடாக எழுதிக்கொண்டால் போதும். சந்தா கட்டும் வசதியுள்ள பல்கலைக்கழக நூலகம் ஒன்று, ஐயம் வரும்போது பார்த்துச் சொல்லும் பொறுப்பை ஏற்றுக்கொள்ளலாம்.

இரண்டாவது, பதிவிறக்கம். வெளிநாட்டு நூலகம் ஒன்றிலிருந்து ஆயத்தப் பதிவுகளை இறக்கிக்கொண்டால் ஒரே வாரத்தில் வேலை முடிந்துவிடும் என்று ஆசை காட்டுவார்கள். டில்லியில் 1962-இல் தன் அலுவலகத்தைத் தொடங்கிய காங்கிரஸ் நூலகம் தமிழ் நூல்களைத் திரட்டி நெடுங்காலமாகப் பதிந்து வருகிறது, அந்த உழைப்பு பெரிது. ஆனால் அந்தப் பதிவுகளில் மிகுதியானவை ரோமன் எழுத்தில், எழுத்துக்கு மேலும் கீழும் குறியிட்ட ஒலிபெயர்ப்பில் இருக்கின்றன. அந்த முறையில் “த” எப்படி ஒலித்தாலும் ஒரே ரோமன் எழுத்து, “ச” எப்படி ஒலித்தாலும் ஒரே எழுத்து. அறிஞர்களுக்கு அது ஒழுங்கான முறை. காரைக்குடிக் கல்லூரி மாணவி கைபேசியில் கண்ணதாசன் பெயரை ஆங்கில எழுத்தில் தட்டும்போது அந்த எழுத்துக்கூட்டல் அவருக்குத் தோன்றாது. தமிழ் எழுத்தில் தட்டினாலோ, தமிழ் எழுத்தே இல்லாத பதிவில் ஒன்றும் வராது. இறக்குங்கள், ஆனால் நூற்பெயரும் ஆசிரியர் பெயரும் தமிழில் ஏறாமல் எந்தப் பதிவையும் வாசகர் முன் வைக்காதீர்கள்.

மூன்றாவது, கணினித் தமிழின் சில்லறைத் தொல்லைகள். ஒருங்குறிக்கு முந்தைய எழுத்துருக்களில் தட்டிய பட்டியல்கள் பல இடங்களில் இருக்கின்றன. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் அவை வெறும் கிறுக்கலாகத் தெரியும். முதல் வேலை அவற்றை மாற்றுவது. அடுத்தது அகரவரிசை. ஒருங்குறி அட்டவணையில் ந-வை அடுத்து ன, ர-வை அடுத்து ற, ல-வை அடுத்து ள, ழ, அதற்கும் பிறகே வ வருகின்றன. நம் அகராதியிலோ வ, ழ, ள, ற, ன என்று வரிசை முடிகிறது. மென்பொருளுக்குத் தமிழ் வரிசையைச் சொல்லித்தராவிட்டால் பெயர்கள் இடம் மாறி நிற்கும். “பொ” என்ற எழுத்தின் கொம்பையும் காலையும் ஒரே குறியீடாகவும் தட்டலாம், தனித்தனியாகவும் தட்டலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, தேடுபொறிக்கு வேறு வேறு. மென்பொருள் தருகிறவரிடம் விலை பேசும்போதே இந்த இரண்டையும் சோதித்துக் காட்டச் சொல்லுங்கள்.

இதில் கலந்து குழப்பப்படும் இன்னொரு விஷயத்தையும் பிரித்துவிடுவோம். பட்டியல் விதி வேறு, பகுப்பு எண் வேறு. டியூயி முறையில் தமிழிலக்கியம் 894.811. ஐரோப்பிய மொழிகளுக்கு 810 முதல் 880 வரை தாராளமாகப் பங்கிட்டுக் கொடுத்துவிட்டு, உலகின் மற்ற மொழிகளையெல்லாம் 890-க்குள் நெருக்கி வைத்ததன் விளைவு அந்த நீளம். ரங்கநாதனின் கோலன் முறையில் அதே தமிழிலக்கியம் ஓ31 என்று மூன்றே குறியில் முடிகிறது. எது சிறந்தது என்ற வாதம் சுவையானது, வைத்துக்கொள்ளலாம். ஆனால் பட்டியலை மாற்றுவதற்காக அலமாரியில் ஒரு நூலின் முதுகுச் சீட்டைக்கூட மாற்ற வேண்டியதில்லை.

இவ்வளவு உழைப்புக்கு என்ன பலன் என்று கேட்டால், கோட்டையூரைக் கேளுங்கள் என்பேன். விளம்பரப் பலகை எழுதும் தொழிலில் இருந்த ரோஜா முத்தையா, நூல்களோடு நாடக நோட்டீசு, சினிமாப் பாட்டுப் புத்தகம், அழைப்பிதழ், கடிதம் என்று கையில் கிடைத்ததையெல்லாம் சேர்த்தார். அவர் 1992-இல் மறைந்தபின் சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கியது. கடல் கடத்தாமல் தமிழ்நாட்டிலேயே வைத்து, 1994-இல் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக்கியது. ஏறத்தாழ ஒரு லட்சம் உருப்படிகள். பன்னாட்டு விதிகளின்படி அவை பட்டியலிடப்பட்டதால், கோட்டையூர் வீட்டில் இருந்தபோது தேடிப் போனவருக்கு மட்டும் தெரிந்த நூல், இன்று உலகின் எந்த மூலையிலிருந்து தேடுபவருக்கும் தெரிகிறது. அந்தச் சேகரிப்பு ஊரைவிட்டுப் போனதே என்று வருந்துபவர்கள் உண்டு. போகாமல் இங்கே மிச்சம் இருப்பதை யாருக்குத் தெரியும்படி வைத்திருக்கிறோம் என்பதையும் சேர்த்து வருந்த வேண்டும். 1909-இல் பிறந்த மேலைச்சிவபுரி சன்மார்க்க சபை, 1917-இல் பிறந்த காரைக்குடி இந்து மதாபிமான சங்கம் போன்ற அமைப்புகளின் காலத்திலிருந்து இந்த மண் நூல்களைச் சேர்த்து வருகிறது. அழகப்பா பல்கலைக்கழக வளாகத்தில் 2025 ஜனவரியில் லட்சுமி வளர்தமிழ் நூலகமும் திறக்கப்பட்டது. பழையதும் புதியதும் இவ்வளவு அருகருகே இருக்கும்போது அவற்றுக்குள் ஒரே தேடல் சாத்தியமாக வேண்டாமா?

சரி, எப்படி மாறுவது? லட்சம் பதிவுகளையும் ஒரேயடியாகத் திருத்துவது நடக்காத காரியம் என்று சொல்லியே பல மாற்றங்கள் தள்ளிப்போடப்படுகின்றன. இதற்கும் ரங்கநாதன் வழி சொல்லியிருக்கிறார். ஒரு நாளைக் குறித்துக்கொள், அன்று முதல் வரும் நூல்களைப் புதிய முறையில் பதி. பழையவற்றில் வாசகர் அதிகம் கேட்பவற்றை முதலில் மாற்று. மீதியை, யாராவது எடுத்துப் படித்துவிட்டுத் திருப்பித் தரும்போது மாற்று. யாரும் கேட்காத நூல் பழைய பதிவிலேயே இருக்கட்டும். சவ்வூடு பரவல் என்று அறிவியல் வகுப்பில் படிப்போமே, அந்தப் பெயரையே இந்த நெறிக்கும் வைத்தார். ஆளும் பணமும் குறைந்த நூலகத்துக்கு இதைவிட நடைமுறைக்கு உகந்த யோசனை இன்றுவரை எனக்குத் தெரிந்து வரவில்லை.

அதற்கும் முன்னால் செய்ய வேண்டியது பெயர்ப் பட்டியல். அதை இப்படிச் செய்யலாம் என்று நினைக்கிறேன்.

ஒவ்வொரு நூலகமும் தன்னிடமுள்ள செட்டிநாட்டு ஆசிரியர், பதிப்பாளர், புரவலர், சங்கம் ஆகியோரின் பெயர்களை முகப்பேட்டில் உள்ளபடியே எடுத்து எழுதட்டும். ஒருவருக்கு எத்தனை வடிவம் உண்டோ அத்தனையும் வேண்டும். இராமநாதன், ராமநாதன் இரண்டும், லட்சுமணன், இலக்குமணன் இரண்டும். ஊர், பிறந்த ஆண்டு, மறைந்த ஆண்டு, எழுதிய ஒரு நூலின் பெயர், இவற்றில் தெரிந்தது போதும். ஒரே பெயருடைய இருவரைப் பிரிக்க ஊரும் ஆண்டும் உதவும். முன்னெழுத்து எதன் சுருக்கம் என்று தெரிந்தால் அதையும் விரித்து எழுதிவிடுங்கள். இன்னும் இருபது ஆண்டு கழித்து அதைச் சொல்ல ஆள் இருக்கமாட்டார்.

இந்த இடத்தில் நூலகர்களைவிட வீட்டுப் பெரியவர்களின் உதவி அதிகம் வேண்டும். இந்தப் பழனியப்ப செட்டியார் எந்தப் பழனியப்ப செட்டியார் என்று ஒரு மலரின் புகைப்படத்தைக் காட்டிக் கேட்டால், கோயில், ஊர், பங்காளி, வட்டிக்கடை விலாசம்வரை கோத்துச் சொல்லும் ஆச்சிகள் இருக்கிறார்கள். எந்த விதிப்புத்தகமும் தராத தகவல் அது. கல்லூரிகளின் நூலக அறிவியல் மாணவர்களுக்கும் தமிழ்த்துறை மாணவர்களுக்கும் இதைச் செய்முறைப் பணியாகக் கொடுக்கலாம்.

வந்த பெயர்களை ஓரிடத்தில் சேர்த்து, ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்து, எல்லா நூலகமும் இலவசமாக எடுத்துக்கொள்ளும்படி வெளியிட வேண்டும். விக்கித்தரவு போன்ற திறந்த களங்களில் ஏற்றினால் உலகின் பிற நூலகங்களும் நம்மிடமிருந்து எடுத்துக்கொள்ளும். இதுவரை பதிவுகளை இறக்குமதி செய்துவந்த நாம் ஏற்றுமதி செய்யலாம், அதில் இந்த ஊருக்கு முன் அனுபவம் நிறைய உண்டு. வீட்டுச் சேகரிப்பைப் பொறுத்தவரை ஓர் எச்சரிக்கை. கடன்காரர் பெயரும் கொடுக்கல் வாங்கலும் உள்ள கணக்கேடுகளின் விவரத்தைக் குடும்பத்தாரின் எழுத்துபூர்வமான இசைவில்லாமல் வெளியிட வேண்டாம். இன்ன குடும்பத்தில் இன்ன காலத்துக் கணக்குகள் இருக்கின்றன என்ற அளவில் ஒரு பதிவு இருந்தாலே ஆய்வாளருக்கு வழி தெரிந்துவிடும்.

பழைய முறையே போதும் என்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் அட்டைப் பெட்டிகளை யாரும் எறியச் சொல்லவில்லை, எறியச் சொன்னாலும் கேட்காதீர்கள். அட்டையின் மூலையில் முந்தைய நூலகர் எழுதிவைத்த சிறு குறிப்பு, பெயர்ப் பட்டியலுக்கு முதல் சான்றாகலாம். உடனே மாறிவிட வேண்டும் என்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. மென்பொருள் பத்தாண்டில் மாறும், விதி இருபதாண்டில் மாறும். ஆர்டிஏயே 2020-இல் உருவம் மாறிவிட்டது. சரியாகப் பிரித்து, சரியாக இணைத்து வைத்த பெயர் எந்த மென்பொருளுக்கும் எந்த விதிக்கும் அப்படியே பொருந்தும். ஒருமுறை செய்தால் மறுமுறை செய்ய வேண்டாத வேலை நூலகத்தில் அது ஒன்றுதான்.

ஆகவே என் வேண்டுகோள் இது. சந்தா கட்டுவதா, எந்த மென்பொருளை வாங்குவது என்ற முடிவுகளை ஆறு மாதம் ஒத்திவையுங்கள். அந்த ஆறு மாதத்தில் ஒவ்வொரு நூலகமும் தன்னிடமுள்ள நூறு பெயர்களை எழுதிக்கொண்டு காரைக்குடியில் ஒரே மேசையில் கூடுங்கள். முத்தையாக்களிலிருந்து தொடங்கலாம். யார் யார் என்று அன்று மாலைக்குள் முடிவாகிவிட்டால், எந்த விதிக்கு மாறுவது என்ற வாதத்தில் மீதம் இருக்கப்போவது மிகச் சிறிய பகுதிதான்.

இப்படிக்கு,
தங்கள் நூலகங்களின் வாசகன்,
காரைக்குடி.